தட்டிப் பார்த்துச் சொல்லுங்க

விருத்தாசலம் ஜங்ஷனில் ஒரு சாயங்காலம். விழுப்புரம் பக்கம் போகிற வண்டி லேட். சேலத்துக்கும் கடலூருக்கும் தண்டவாளம் பிரிகிற ஸ்டேஷன் என்பதால், எந்த வண்டிக்கு யார் காத்திருக்கிறார்கள் என்றே தெரியாது. எல்லோரும் எதற்கோ காத்திருப்பது போல ஒரு தோற்றம் அந்த பிளாட்பாரத்துக்கு எப்போதும் உண்டு.

பக்கத்து பெஞ்சில் அப்பாவும் மகனும். அப்பாவின் விரல் இடுக்குகளில் வெள்ளையாகப் படிந்திருந்தது. மாவு மில்லில் வேலையோ என்று முதலில் நினைத்தேன். பேச்சிலிருந்து தெரிந்தது, செராமிக் யூனிட். அந்த ஊரில் அது சகஜம். பக்கத்தில் நெய்வேலி. பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும்போது மேலே கிடக்கிற மண்ணோடு வெள்ளைக் களிமண்ணும் வந்து விழும். அதை நம்பித்தான் விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டையும், அந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுக்கிற அரசுக் கல்வி நிறுவனமும் வந்தன. அகல் விளக்கு, பொம்மை, ஊறுகாய் ஜாடி, நம் வீட்டு மெயின் போர்டில் ஃப்யூஸ் போனால் பிடுங்கிப் பார்க்கிறோமே, அந்த வெள்ளைக் கட்டை. எல்லாம் அந்த மண்தான்.

மகன் அந்த நிறுவனத்தில் டிப்ளமோ முடித்தவன். மடியில் பிளாஸ்டிக் ஃபைல். சென்னைக்கு ஏதோ கல்யாணத்துக்குப் போகிறான் போலிருக்கிறது. அப்பா அவனிடம், "அப்படியே அந்தக் கம்பெனிக்கும் ஒரு எட்டு போய்ட்டு வந்துடுடா. நேரா போய், 'எனக்கு இன்டர்வியூ வைங்க'ன்னு கேளு" என்கிறார். அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"கூப்பிடாம எப்படிப்பா போறது? பிச்சக்காரன் மாதிரி கேட்டு வாசல்ல போய் நிக்கச் சொல்றியா?"

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சத்தமே இல்லாமல் சொன்னார்: "நான் கேட்டு வாசல்ல நின்னு கேட்டு வாங்குன வேலையிலதான்டா உன்னப் படிக்க வச்சேன். அப்ப நான் பிச்சக்காரனா?"

வண்டி வந்துவிட்டது. கூட்டத்தில் அவர்கள் வேறு பெட்டிக்குப் போய்விட்டார்கள். அவன் அந்தக் கம்பெனிக்குப் போனானா, போய்க் கேட்டானா, தெரியாது. ஆனால் அவனுடைய கேள்வியும் அவருடைய கேள்வியும் என்னோடு அதே பெட்டியில் ஏறிக்கொண்டன. விழுப்புரம் தாண்டியும் இறங்கவில்லை.

வேலை கேட்பது யாசகமா?

வள்ளுவர் இந்த விஷயத்தில் நம்மைக் கொஞ்சம் குழப்பத்தான் செய்கிறார். 'இரவு' என்று ஒரு அதிகாரம், அடுத்ததே 'இரவச்சம்' என்று ஒரு அதிகாரம். 106, 107. முதல் அதிகாரத்தைத் தொடங்கும்போதே, கேட்கத் தகுந்தவரைக் கண்டால் கேள், அவர் இருப்பதை ஒளித்து இல்லையென்றால் பழி அவருக்கு, உனக்கில்லை என்கிறார். பக்கத்தைத் திருப்பினால், மாட்டுக்குத் தண்ணீர் வேண்டும் என்று கேட்டால்கூட நாக்குக்கு அதைவிட இழிவு கிடையாது என்கிறார். ஒரே மனிதர், அடுத்தடுத்த பக்கத்தில்! முரண்பாடு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த பிளாட்பாரத்து அப்பாவும் மகனும் அவருக்குள்ளேயும் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த அப்பாவுக்குக் கேட்பதில் வெட்கம் இல்லை. காலையில் ஏதாவது நாலு ரோடு சந்திப்பில் பாருங்கள். தூக்குச்சட்டியோடு கொத்தனார்களும் சித்தாள்களும் நிற்பார்கள். வண்டியில் ஒருவர் வந்து நின்றால், "ஆள் வேணுமா சார்?" என்று நேராகக் கேட்பார்கள். யாரும் அதைப் பிச்சை என்று நினைப்பதில்லை. கையில் கரணை இருக்கிறது, உடம்பில் தெம்பு இருக்கிறது, உனக்குச் சுவர் வேண்டும், எனக்குக் கூலி வேண்டும். கணக்கு சரி. படிப்பு வந்ததும்தான் இந்தக் கணக்கு தப்பிப்போகிறது. கையில் சர்டிஃபிகேட் வந்த பிறகு, அது நமக்காகப் பேசும், நாம் வாயைத் திறக்க வேண்டியதில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். அது பேசாதபோது நாம் பேச வேண்டியிருப்பது பெரிய அவமானமாகப் படுகிறது.

இப்படிச் சொல்லிவிட்டு அந்தப் பையனைக் குறைசொல்லிப் போய்விடலாம். அது அநியாயம். அவன் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது, அது சின்ன நியாயமும் அல்ல.

வாசலில் போய் நேராக நின்று கேட்பது எல்லோருக்கும் ஒன்றுபோல வாய்த்த விஷயம் இல்லை நம் ஊரில். யார் திண்ணை வரை வரலாம், யார் தெருவிலேயே நிற்க வேண்டும் என்பதற்கெல்லாம் சட்டம் இருந்த ஊர் இது. நேரில் போய் நின்றால் முதல் கேள்வி, "என்ன தெரியும்?" என்று வராது. "யார் வீட்டுப் பையன் நீ? எந்தத் தெரு?" என்று வரும். அந்தக் கேள்விக்குப் பயந்தவர்களுக்கு வரிசை என்பது எவ்வளவு பெரிய விடுதலை! எம்ப்ளாய்மென்ட் ஆபீஸில் பதிந்துவிட்டு, ரினீவல் தேதியை மறக்காமல் காலண்டரில் வட்டம் போட்டு வைத்த ஒரு தலைமுறையே இங்கு இருந்தது. காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று 1959-லேயே மத்திய அரசு ஒரு சட்டம் போட்டது. பதிவு மூப்புப்படி கார்டு வரும். யாரையும் போய்ப் பார்க்க வேண்டாம், யாருக்கும் கும்பிடு போட வேண்டாம். முடி நரைத்த பிறகு கார்டு வந்த கதைகளும் உண்டு. ஆனாலும் அந்த வரிசையில் ஒரு கௌரவம் இருந்தது.

ஆகவே கூப்பிடாமல் போகமாட்டேன் என்று ஒரு பையன் சொன்னால் அது வெறும் வறட்டுக் கௌரவம்தானா, அவனுடைய தாத்தா யார் வாசலிலாவது நின்ற நினைப்பா என்று ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும். பின்னாலேயே இன்னொன்றும் வருகிறது. நான் நேரில் போய் வேலை வாங்கிவிட்டால், தபாலில் விண்ணப்பம் போட்டுவிட்டு நம்பிக் காத்திருக்கிறவன் என்ன ஆவான்? தைரியசாலிக்கும் வாய் உள்ளவனுக்கும் மட்டும்தான் பிழைப்பா? கூச்சம் உள்ளவன் எங்கே போவான்?

இதற்கு எனக்கு முழுசாகப் பதில் தெரியாது. ஆனால் ஒரு சின்ன வித்தியாசம் கண்ணில் படுகிறது. அந்த அப்பா, "வேலை கொடுங்கன்னு கேளு" என்று சொல்லவில்லை. "இன்டர்வியூ வைங்கன்னு கேளு" என்றார். இரண்டும் ஒன்றல்ல. நேர்முகம் என்கிற சொல்லையே பாருங்கள். முகத்துக்கு நேரே முகம். என்னை ஒருமுறை பார், சோதித்துப் பார், அப்புறம் வேண்டாம் என்று சொல். இதில் கேட்கப்படுவது பொருள் அல்ல, பார்வை.

புறநானூற்றுப் புலவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரிந்திருந்தது. அவர்கள் வேலை தேடுகிறவர்கள்தான். மலை தாண்டி, காடு தாண்டி, குடும்பத்தின் பசியைச் சுமந்துகொண்டு வள்ளல்களின் வாசலுக்கு வருவார்கள். பெருஞ்சித்திரனார் அப்படி அதியமானைத் தேடி வந்தார். அவன் என்ன வேலையில் இருந்தானோ, நேரில் பார்க்காமல், இதைக் கொண்டுபோய்க் கொடுங்கள் என்று பரிசிலை ஆள்மூலம் அனுப்பிவிட்டான். நாமாக இருந்தால் வாங்கிக்கொண்டு நடையைக் கட்டியிருப்போம். அவர் வாங்கவில்லை. என்னைப் பார்க்காமல் தருவதை வாங்கிப்போக நான் வியாபாரி இல்லை, என் அளவு என்ன என்று தெரிந்துகொண்டு தினையளவு கொடுத்தாலும் எனக்கு அது இனிக்கும் என்று பாடிவிட்டார். வீட்டில் அடுப்பு எரியாதவர் பேசுகிற பேச்சு இது!

அதே பெருஞ்சித்திரனாருக்கு இளவெளிமான் என்கிறவன் தகுதி பாராமல் ஏதோ கொஞ்சம் கொடுத்தான். வேண்டாம் என்று போய்க் குமணனிடம் யானை வாங்கி வந்து, அதை இளவெளிமானுடைய காவல் மரத்திலேயே கட்டிவிட்டுப் போனார். ரிஜெக்ட் செய்த கம்பெனி வாசலில் புதுக் கம்பெனியின் காரைக் கொண்டுபோய் நிறுத்துவது மாதிரி. கொஞ்சம் அதிகம்தான். ஆனால் படிக்கும்போது எனக்குக் கை தட்டத் தோன்றும்.

அதியமான் பரிசில் தரத் தாமதித்தபோது ஔவையார் கோபித்துக்கொண்டதும் புறநானூற்றில் இருக்கிறது. அந்தப் பாட்டை அவர் அரசனைப் பார்த்துப் பாடவில்லை. வாயில்காவலனைக் கூப்பிட்டுச் சொல்கிறார். தொழில் தெரிந்த தச்சனுக்குக் காடு முழுக்க மரம், எங்களுக்கு எந்தத் திசையில் போனாலும் சோறு உண்டு என்று. இரண்டாயிரம் வருஷம் ஆகிறது. இன்றைக்கும் வேலை தேடுகிறவனின் கோபத்தைக் கேட்பது வாசலில் நிற்கிற வாட்ச்மேன்தான். உள்ளே இருப்பவர் காதில் அது விழுவதில்லை.

நேரே கேட்டவர்களில் தைரியசாலி சுந்தரர்தான், அவர் கேட்டதும் இதே விருத்தாசலத்தில். அப்போது பெயர் திருமுதுகுன்றம். பழமலைநாதரிடம் போய், எனக்குப் பொன் வேண்டும் என்று கூச்சமே இல்லாமல் கேட்டார். பன்னிரண்டாயிரம் பொன் கிடைத்தது. அதை இங்கே மணிமுத்தாற்றில் போட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள் என்று உத்தரவு. 'ஆத்துல போட்டுக் குளத்துல தேடின கதை' என்று பேச்சில் சொல்கிறோமே, அந்தக் கதை. எனக்கு அதில் ரொம்பப் பிடித்த இடம் வேறு. ஆற்றில் போடுமுன் சுந்தரர் அந்தப் பொன்னில் ஒரு துளி வெட்டி மச்சமாகக் கையில் வைத்துக்கொள்கிறார். திருவாரூரில் எடுத்த பொன்னை அதோடு உரைத்துப் பார்த்தால் மாற்று குறைகிறது. விடவில்லை, மறுபடி பாடி, சரியான மாற்று வந்த பிறகுதான் விட்டார். கொடுத்தது கடவுளே ஆனாலும் உரைத்துப் பார்த்துத்தான் வாங்குவேன்! கேட்பவன் குனிந்து நிற்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? சுந்தரருக்குத் தம்பிரான் தோழர் என்று பெயர். தோழனாக நின்று கேட்டார்.

அதே ஊருக்குப் பக்கத்தில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில். அங்கே முருகனுக்கே மனு எழுதிக் கட்டுகிற வழக்கம் உண்டு. பிராது கட்டுவது என்பார்கள். பேர், ஊர், குறை எல்லாம் காகிதத்தில். வேலை வேண்டும் என்றும் எழுதுகிறார்கள். நேரில் கேட்பது, எழுத்தில் கொடுப்பது, இரண்டு வழிக்கும் ஒரே ஊரில் சாமி இருக்கிறது பாருங்கள்.

சாமி கதை போதும், மனுஷன் கதைக்கு வருகிறேன். இதுவும் அதே பக்கத்தில் நடந்ததுதான். விருத்தாசலத்திலிருந்து அதிக தூரமில்லாத திருக்கோவிலூர். வருஷம் 1910. கும்பகோணத்திலிருந்து ரயிலேறி, விழுப்புரத்தில் மாறி, ஒரு இளைஞன் அங்கே வந்து இறங்குகிறான். எஃப்.ஏ. பரீட்சையில் தோற்றவன். கல்யாணம் வேறு ஆகிவிட்டது. டெபுடி கலெக்டர் ராமசாமி ஐயரிடம் போய், தாலுகா ஆபீஸில் ஒரு கிளார்க் வேலை வேண்டும் என்று கேட்கிறான். கையில் இருந்தது ஒரு நோட்டுப் புத்தகம்தான். பெயர் ராமானுஜன்.

ராமசாமி ஐயர் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். நோட்டைப் பிரித்துப் பார்த்தார். வேலை தர முடியாது என்றுவிட்டார்! இந்த நோட்டை எழுதியவனை ரெவின்யூ இலாகாவின் கடைசிப் படியில் உட்கார வைத்து அவன் அறிவை அமுக்கிவிட அவருக்கு மனசில்லை. சென்னைக்குப் போ என்று அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அந்தக் கடிதம் ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் கொண்டுபோய், கடைசியில் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவிடம் சேர்த்தது. சவரம் செய்யாத முகம், நைந்த நோட்டு, பளபளக்கும் கண். என்னப்பா வேண்டும் என்று ராவ் கேட்டதற்கு, கணக்குப் போட்டுக்கொண்டே இருக்க, சாப்பாட்டுக்கு ஏதாவது வேண்டும் என்று பதில். மாதம் 25 ரூபாய் கொடுத்தார். ஒரு வருஷம் போல வாங்கினான். சும்மா வாங்கிச் சாப்பிடுவது உறுத்தியது. 1912 பிப்ரவரி 9-ம் தேதி சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு, உங்கள் ஆபீஸில் கிளார்க் இடம் காலி என்று கேள்விப்பட்டேன் என்று தானே எழுதிப் போட்டான். மார்ச் 1-ம் தேதி 30 ரூபாய் சம்பளத்தில் சேர்ந்தான். அடுத்த வருஷம் ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம். அதற்கு முன்னால் வேறு இரண்டு பேராசிரியர்களுக்கு எழுதி ஒன்றும் நடக்கவில்லை என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

இந்தக் கதையில் எனக்குப் பெரிய மனிதராகத் தெரிவது, வேலை இல்லை என்று சொன்ன ராமசாமி ஐயர். அவர் பார்த்துவிட்டு இல்லை என்றார். பார்த்துவிட்டுச் சொல்கிற 'இல்லை'யில் அவமானம் கிடையாது. வழிகூட இருக்கலாம். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ராமானுஜன் ஏறி இறங்கிய அந்த வாசல்கள் அவருடைய சாதிக்காரர்களுக்கு எளிதில் திறந்த வாசல்கள். அதே 1910-ல், அதே மாதிரி ஒரு நோட்டோடு, வேறு தெருவிலிருந்து ஒரு பையன் வந்திருந்தால் திருக்கோவிலூரில் என்ன நடந்திருக்கும்? அந்த நோட்டு நமக்குக் கிடைக்கவில்லை. இருந்ததா என்பதுகூடத் தெரியாது.

லண்டனிலும் இதுதான். மைக்கேல் ஃபாரடே புக் பைண்டிங் கடையில் வேலை பழகிய பையன். விஞ்ஞானத்தில் எடுபிடி வேலையாவது வேண்டும் என்று ராயல் சொசைட்டி தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு எழுதினான். பதிலுக்காக வாசல்காரனிடம் போய்க் கேட்டால், பதில் இல்லை என்பதுதான் பதில் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிறகு ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, படம் போட்டு, தானே அழகாக பைண்ட் செய்து 1812-ல் அவருக்கே அனுப்பினான். டேவி கூப்பிட்டுப் பேசினார். பைண்டிங் தொழிலையே பார்த்துக்கொள் என்று முதலில் புத்தி சொன்னாலும், இடம் காலியானதும் ஞாபகமாகக் கூப்பிட்டார். 1813 மார்ச் 1-ல் வேலை. மார்ச் முதல் தேதிக்கு ஏதோ ராசி இருக்கிறது!

ஃபாரடே அனுப்பிய அந்தப் புத்தகம் ஒரு விஷயம் சொல்கிறது. நான் உங்களைப் பார்த்திருக்கிறேன், உங்களைக் கவனமாகக் கேட்டிருக்கிறேன், இப்போது நீங்கள் என்னைப் பாருங்கள். இன்றைக்கு ஒரே பட்டனைத் தட்டி, ஒரே பயோடேட்டாவை முந்நூறு கம்பெனிக்கு அனுப்புகிறோம். அந்தக் கம்பெனி என்ன செய்கிறது என்று கேட்டால் தெரியாது. பார்க்காமல் அனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் மறுத்தார். பார்க்காமல் அனுப்பிய விண்ணப்பத்தைக் கம்பெனிக்காரர் மறுத்தால் அவரிடம் மட்டும் கோபப்பட முடியாது.

செராமிக் வேலையில் இருக்கிறவர்கள் புது மண் வந்தால் பார்த்த உடனே நல்லது கெட்டது சொல்லிவிட மாட்டார்கள். பச்சையாக இருக்கும்போது சாம்பல் நிறத்தில் அழுக்காகத் தெரிகிற களிமண், சுட்ட பிறகு வெள்ளைவெளேரென்று வருவதுண்டு. பார்க்க நன்றாக இருப்பது சூளையில் விரிசல் விடுவதும் உண்டு. அதனால் கொஞ்சம் எடுத்துச் சுட்டுப் பார்ப்பார்கள். ஜாடி வாங்கப் போகிற நம் பாட்டிமார்கள்கூட விரலால் ஒரு தட்டுத் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்காமல் வாங்க மாட்டார்கள். கணீரென்றால் எடுப்பார்கள். பொத்தென்றால் வைத்துவிடுவார்கள். ஜாடிக்குக் கிடைக்கிற இந்த மரியாதை ஒரு பையனுக்குக் கிடைக்க வேண்டாமா?

வேலை கொடுக்கிறவர் எல்லோருக்கும் வேலை கொடுக்க முடியாது. இருக்கிற இடம் ஒன்று, வருகிறவர் நூறு. பத்து நிமிஷம் பார்க்கலாம், அதுவும் முடியாவிட்டால் ஒரு வரி பதில் போடலாம். 1980-ல் வந்த பாலசந்தரின் 'வறுமையின் நிறம் சிவப்பு' படத்து ரங்கனுக்கு, வேலை கிடைக்காததைவிட எதிரே உட்கார்ந்திருக்கிறவர்கள் அவனைப் பார்க்காமல் பார்த்ததுதான் அதிகம் வலித்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

இவ்வளவு பேசுகிறேனே, நான் யோக்கியமா?

ஒரு அலுவலகத்தில் நான் பொறுப்பில் இருந்த காலத்தில், ஒரு பையன் அடுத்தடுத்து மூன்று நாள் வந்தான். காலியிடம் எதுவும் நாங்கள் அறிவிக்கவில்லை. "அஞ்சு நிமிசம் சாரைப் பார்க்கணும், ஒரு இன்டர்வியூ மட்டும் கேட்டுட்டுப் போயிடுறேன்" என்று வாட்ச்மேனிடம் சொல்லியிருக்கிறான். முதல் நாள் மீட்டிங். இரண்டாம் நாள் நிஜமாகவே வேலை. மூன்றாம் நாள் எனக்கு ஒன்றும் வேலை இல்லை. ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். "இல்லேன்னு சொல்லிடுங்க" என்றேன். என்ன 'இல்லை' என்று வாட்ச்மேன் கேட்கவில்லை. வேலை இல்லையா, நான் இல்லையா.

சாயங்காலம் கிளம்பும்போது வாட்ச்மேன் ஒரு பிளாஸ்டிக் ஃபைலை நீட்டினார். "அந்தப் பையன் குடுத்துட்டுப் போச்சு சார். நீங்க பார்த்துட்டு வைங்க, நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்னுச்சு." மேஜை டிராயரில் போட்டேன். அவன் மறுநாள் வரவில்லை. அப்புறமும் வரவில்லை. நான் அந்த ஆபீஸை விட்டு வந்த நாளில் டிராயரைக் காலி செய்தபோது அது அடியில் கிடந்தது. அப்போதும் திறக்கவில்லை, எதிர் சீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். உள்ளே இருந்தது ஜெராக்ஸா, அசல் மார்க் ஷீட்டா, இன்று வரை எனக்குத் தெரியாது.